வன்னியின் பழைய மோட்டார் வண்டிகள்

வன்னி என்றவுடன் குளமும் காடும் நெல்வயலும் மனக்கண் முன் தோன்றுதல் இயல்பு. பண்டாரவன்னியனின் பெயரும் உடன்வரும். மோட்டார் வண்டியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் வன்னியை நாடுவதில்லை; ஒக்ஸ்போர்டையும் பேர்மிங்ஹாமையும் டெற்றொயிற்றையுமே நாடுவர். எனினும், இங்கிலாந்திலே 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் செய்யப்பட்ட சில கார்கள், தம்மைச் செய்தவர்கள் கனவிலும் எண்ணியிராத ஒரு முதுமையைக் கழித்தது வன்னிப் பெருநிலத்திலேதான். அந்த முதுமையின் கதை, பெரும்பாலும், ஓர் உதிரிப் பாகத்தைத் தேடி அலைந்த கதையாகும்.

அக்கார்களின் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டனில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சாதாரண வருவாயுள்ள குடும்பத்தினர் வாங்கவும் தாமே பழுதுபார்க்கவும் ஏற்ற வண்டியாக அது அமைந்தது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. இதற்கு ஓராண்டு முன்னரே, 1947இல், ஒஸ்ரின் நிறுவனத்தார் ஏ-40 டெவன் என்னும் காரை வெளியிட்டிருந்தனர். 1952இல் அதன் இடத்தைச் சோமர்செற் பெற்றது. பின்னர் கேம்பிரிட்ஜ் வரிசை வந்தது. இலங்கையின் வடபகுதித் தெருக்களை நிறைத்தவை பெரும்பாலும் இவையே.

1952ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் நினைவிற் கொள்ளத்தக்கது. நெடுங்காலம் போட்டியிட்டு வந்த ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் அவ்வாண்டிலே பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் என ஒன்றாயின. வணிகக் கணக்குப் பார்த்துச் செய்த இணைப்பு அது. ஆனால், அதன் பயனாய் மொறிஸ் மைனருக்கு ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவை பி வரிசை எஞ்சினைப் பகிர்ந்துகொண்டன. இரு குடும்பங்களிடையே இவ்வாறு ஏற்பட்ட உறவுமுறை, நாற்பதாண்டுகள் கழித்து ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள காட்டோர ஊர்களிலே பெரும் உதவியாக அமையப்போகின்றது என்பதை எவர் அறிந்திருக்க முடியும்?

கிளிநொச்சியின் வளம் இரணைமடுவிலிருந்து வந்தது. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற அக்குளத்தை அடுத்துக் குடியேற்றங்கள் எழுந்தன, காடு வயலாயிற்று, குடாநாட்டிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பஸ் வண்டி பெருவீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளூருக்குச் செல்லும் வழி மாட்டுவண்டிக்கே உரியது. அத்தகைய நிலத்திலே வாடகைக் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. மணமகளை அழைத்துவருவதும், பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், நள்ளிரவில் பேறுகால வேதனைப்படும் பெண்ணை ஏற்றிச்செல்வதும் அதன் தொழில்கள். ஒரு கார் நின்றுவிட்டால் ஒரு சாரதியின் பிழைப்பு மட்டும் நிற்பதில்லை.

உதிரிப் பாகங்களின் தட்டுப்பாடு போரோடு வந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்பு விரைந்து குறைந்தபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1968இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை புகுத்தப்பட்டபின், அதன்கீழ் வந்த இறக்குமதிப் பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய கார் வருவதில்லை. ஆகவே பழைய காரையே ஓட்டவேண்டும். அதற்கோ பாகம் அரிது. கொழும்பிலே பஞ்சிகாவத்தை என்னும் பகுதி பழைய உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போனதாயிற்று. வன்னியிலிருந்து ஒருவர் தேய்ந்த பாகத்தைக் கடதாசியிற் சுற்றி எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் கொழும்பு சென்று, கடைகடையாக ஏறி இறங்கி, ஒத்ததொன்றைக் கண்டுபிடித்துத் திரும்புவது அக்காலத்துப் பயணம். கண்டுபிடிக்காமல் திரும்புவதும் உண்டு. ஒரு பாகத்தை எறியாமல் வைத்திருத்தல், தேய்ந்ததைக் கடைந்து மீண்டும் பூட்டுதல், ஒரு வண்டியின் உறுப்பை இன்னொரு வண்டிக்குப் பொருத்துதல் ஆகிய பழக்கங்களை வடபகுதித் திருத்துநர்கள் கற்றது அந்தப் பதினைந்து ஆண்டுகளிலேயாகும். அடுத்த பஞ்சத்தை அவர்கள் எதிர்கொண்டது இந்தக் கல்வியுடனே.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. தென்னிலங்கையிலே மொறிஸ் மைனரும் ஏ-40உம் மெல்ல மெல்லப் பின்வாங்கின. வடக்கிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். அதற்குட் காலம் வேறு வழியிற் திரும்பிவிட்டது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. வடக்கு நோக்கிய ரயில் வவுனியாவோடு நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பொருள்கள் செல்வதை அரசாங்கம் தடைசெய்தது. போருக்குப் பயன்படக்கூடும் என்பது கூறப்பட்ட காரணம். பெற்றோல், டீசல், சீமெந்து, உரம், பற்றரி, ரயர், மோட்டார் உதிரிப் பாகங்கள் யாவும் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் அளவோடு அனுமதிக்கப்பட்டது. மின்சாரமும் இல்லாதொழிந்தது. இந்நிலை 1995இன் முற்பகுதியிற் சில மாதங்கள் ஓரளவு தளர்ந்ததன்றி, 2002 வரை நீடித்தது. சைக்கிளை நிறுத்திவைத்து, அதன் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னாலே வானொலி கேட்ட குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ இருந்தன. இவ்வகைப் பேச்சுகளையும் அவர்கள் அவ்வாறே கேட்டனர்.

வவுனியா நகரம் அரசாங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. அங்கே கடையில் ரயர் இருந்தது, பிளக் இருந்தது, பிறேக்கிற்குரிய இறப்பர்க் கிண்ணம் இருந்தது. சில மைல் வடக்கே சோதனைச் சாவடி. அதற்கப்பால் அவை எவ்விலைக்கும் இல்லை. தூரத்தினால் ஏற்பட்ட தட்டுப்பாட்டை மனிதர் பொறுத்துக்கொள்வர். கண்ணெதிரே இருக்கும் பொருளைக் கொண்டுசெல்ல முடியாத தட்டுப்பாடு மனத்தை வேறு வகையில் வருத்தும்.

பெற்றோல் இல்லாத இடத்தில் கார் எவ்வாறு ஓடியது? மண்ணெண்ணெயில் ஓடியது. நேயர்களிற் பலர் இதனை அறிந்திருப்பர். எனினும் அதன் காரணம் அறியத்தக்கது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது தீப்பற்றாது. மேலும், அது அதிக அமுக்கத்தைத் தாங்காது. அமுக்கம் மிகுந்தால் உரிய கணத்துக்கு முன்னரே எரிந்து சிலிண்டரினுள்ளே தட்டொலி எழுப்பும். 1950களின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்டியிருந்தது. போருக்குப்பின் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்கேற்ப அவை அவ்வாறு அமைக்கப்பட்டன. பிற்கால ஜப்பானிய எஞ்சின்களில் அது ஒன்பதை அண்டியது. ஆதலால் புதிய கார் மண்ணெண்ணெயைக் கண்டு முரண்டுபிடிக்க, பழைய கார் முனகிக்கொண்டேனும் ஏற்றுக்கொண்டது.

இந்த உபாயத்தை வன்னிக் கமக்காரர் எவரிடமும் சென்று கற்கவேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் நின்ற நீரிறைக்கும் இயந்திரம் அதையே செய்தது. அதற்கு இரண்டு தாங்கிகள்: சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலிலே தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இங்கிலாந்திலும் அக்காலத்து உழவு இயந்திரங்களில், பெர்குசன் உட்படச் சில, இம்முறையில் ஓடுமாறே செய்யப்பட்டன. காரிலே அதற்கென இரண்டாந் தாங்கி இல்லை. ஆகவே சிறு போத்தலொன்றிற் பொக்கிஷம்போற் காத்த பெற்றோலைத் துளித்துளியாகக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்புவர். பற்றரி நலிந்திருக்கும், பொறி உண்டாக்கும் அளவுக்கே அதில் உயிர் இருக்கும், எஞ்சினைச் சுழற்றும் வலிமை இராது. அதற்கும் பழைய கார்களில் வழியிருந்தது. முன்புறத் துளையில் இரும்புக் கைபிடியைச் செருகி மனிதக் கையாற் சுழற்றலாம். பிற்காலக் கார்களில் அத்துளையே கிடையாது. நாகரிகம் முன்னேறும்போது எவற்றையெல்லாம் தேவையற்றவை எனக் கழித்துவிடுகின்றது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இதுவரை கூறியது வெற்றியின் கதைபோலத் தோன்றும். ஆனால், காரை ஓட்டிய அதே எண்ணெய்தான் காரைத் தின்றது. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிவிடும். கழுவியது கீழிறங்கி அடித்தொட்டியிலுள்ள ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பிஸ்ரன் வளையங்களையும் பெயாரிங்குகளையும் காக்காது. பிளக்குகளிற் கரி படியும். வளையம் தேயத் தேயப் புகை மிகும், இழுவை குறையும், எண்ணெய்ச் செலவு பெருகும். மாற்றுவதற்கு ஒயிலும் இல்லை. சாதாரண காலத்திலே பல்லாயிரம் மைல் உழைக்கும் உறுப்பு, இப்போது விரைவிலே மாற்றப்படவேண்டிய நிலையை அடைந்தது. மாற்று உறுப்போ தடைப்பட்டியலில் இருந்தது. பாகம் கிடைக்காத காலத்திலேதான் பாகத்தின் தேவை பன்மடங்காயிற்று. இதுவே இக்கதையின் உட்கொடுமை.

பாதையும் தன் பங்கைச் செய்தது. பராமரிப்பற்று ஷெல் விழுந்து குழியான வீதிகளிலே மைனரின் முன்சக்கரம் படாதபாடுபட்டது. அச்சக்கரத்தைத் தாங்கும் மரைச்சுழல் மூட்டு அவ்வண்டியின் பிறவிப் பலவீனம். ஒழுங்காகக் கிறீஸ் இடாவிடின் மரை தேய்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றிச் சக்கரம் பக்கவாட்டிற் சாய்ந்துவிடும். கிறீஸ் எங்கே பெறுவது?

ஆகவே கார் காரைத் தின்னத் தொடங்கியது. ஒரு வண்டியை நிறுத்தி, அதன் உறுப்புகளாலே மற்றொன்றை ஓடச்செய்வர். கராஜின் பின்புறத்திலே சக்கரமற்று, கதவற்று, பூவரச நிழலில் நின்ற வண்டிக் கூடுகளைப் பயனற்ற இரும்பென எண்ணலாகாது. அவை களஞ்சியங்கள். 1952ஆம் ஆண்டின் இணைப்பு இங்கேதான் பயன்பட்டது. மைனரின் எஞ்சினுக்கு ஒஸ்ரின் ஏ-30இன் உறுப்பு உதவும். கேம்பிரிட்ஜின் எஞ்சினுக்கு மொறிஸ் ஒக்ஸ்போர்டின் உறுப்பு உதவும். எது எதற்கு உறவு, எது ஒன்றுவிட்ட உறவு, எது பார்வைக்கு ஒத்திருந்தும் பொருந்தாதது என்பனவற்றைத் திருத்துநர்கள் குலமுறை கிளத்துவார்போல மனப்பாடமாக அறிந்திருந்தனர். அவ்வறிவு நூலில் இல்லை. இணைப்புக்கு முந்திய எஞ்சினையுடைய டெவனும் சோமர்செற்றும், 1952க்கு முந்திய மைனரும் இவ்வுறவுக்கு வெளியே தனித்து நின்றன; அவற்றின் உறுப்புக்கு அவற்றின் இனத்தையே தேடவேண்டும்.

ஜப்பானிய மோட்டார் சைக்கிளிலோ லொறியிலோ இருந்து ஒரு மரையாணியைக் கழற்றிப் பூட்டினால் என்ன என்று வினவலாம். பிரித்தானிய வண்டிகளின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ஜப்பானியருடையவை மில்லிமீற்றரில் அமைந்தவை. முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், வலிந்து திருகினால் இருக்கின்ற மரையும் அழிந்துவிடும். அவசரப்பட்டவர்கள் இதனைச் செலவழித்தே கற்றனர். புதிதாகக் கடையலாம் எனின், கடைச்சல் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் வேண்டும். அதுவும் தடைப்பட்ட பொருளே. ஒரு சிறு பித்தளைப் புதையைக் கடைவதற்கு ஆகும் எண்ணெயில் அக்கார் எவ்வளவு தூரம் ஓடும் எனக் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. கையினாலே செய்யக்கூடியவை எஞ்சின. தடித்த அட்டையை வார்ப்பின் முகத்தில் வைத்துச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டினால், விளிம்பு அட்டையை வெட்டித் தரும். ஒயில் கசியாமற் காக்கும் காஸ்கற் ஆயத்தம். சிலிண்டர்த் தலையின் காஸ்கற்றை அவ்வாறு செய்ய இயலாது. செம்பும் கல்நாரும் சேர்ந்த அந்தத் தகடு ஒருமுறை எரிந்துவிட்டால் வண்டி நிற்கவேண்டியதே.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னி சேர்ந்தனர். 1996 செப்ரெம்பரிற் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்கு மாறியதும் அந்நகரத்து மக்களும் இடம்பெயர, மல்லாவி, ஸ்கந்தபுரம், அக்கராயன் போன்ற சிற்றூர்கள் திடீரென நகரங்களாயின. மருத்துவமனையும் அக்கராயனுக்குப் பெயர்ந்தது. 1997 மே மாதம் கண்டி வீதி வழியே பெரும் படை நடவடிக்கை தொடங்கியது, வீதியே போர்க்களமாயிற்று. மக்கட்டொகை பெருகிய அதே இடத்தில் ஓடும் வண்டிகள் அருகின. நோயாளியைச் சைக்கிளின் பின்னிருக்கையிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் கொண்டுசென்ற நாள்களிலே, புகை கக்கிக்கொண்டு வந்து நிற்கும் ஒரு கேம்பிரிட்ஜின் மதிப்பை ரூபாயிற் கூற இயலாது. அதன் சாரதி கூலியை நினைப்பதற்கு முன் போத்தலிலுள்ள பெற்றோலை நினைப்பார். நடுவழியில் எஞ்சின் நின்றால் மீண்டும் எழுப்ப அத்துளிகள் போதுமா என்பதே அவர் கவலை.

அமெரிக்கா 1962இல் கியூபாவின்மீது வணிகத் தடை விதித்தபின், ஹவானாத் தெருக்களில் 1950களின் அமெரிக்கக் கார்கள் பிறநாட்டு எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு ஓடிய செய்தி உலகறிந்தது. அவற்றைப் படம்பிடிக்க உல்லாசப் பயணிகள் செல்கின்றனர். கியூபாவுக்கேனும் சோவியத் நாட்டிலிருந்து பெற்றோலும் பாகங்களும் நெடுங்காலம் வந்தன. வன்னிக்கு அதுவும் இல்லை. படம்பிடிக்க வந்தவர்களும் அரியர்.

இன்னொன்றையும் கூறவேண்டும். 1990களின் தொடக்கத்திலே, இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, காலிப் பகுதியில் அக்காருக்கான பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையொன்றை அமைத்தார். இங்கிலாந்திற் செய்யப்படாது போன உறுப்புகள் இலங்கையின் தென்கரையில் உருவாகிக் கப்பலேறின. ஒரே தீவு, ஒரே காலம். தெற்கிலே மைனருக்குப் புதிய உறுப்புகள் பிறந்து இங்கிலாந்து சென்றன. வடக்கிலே ஓடிய மைனர் ஒரு பிளக்குக்காக ஏங்கி நின்றது. மேற்கே நோக்கினாலும் அதே காட்சிதான். மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவிற் செய்யப்பட்டது. கேம்பிரிட்ஜின் அதே 1489 கன சென்ரிமீற்றர் பி வரிசை எஞ்சினை அது பல்லாண்டு சுமந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடல். அக்கரையில் ஊர்தோறும் ஓடியது வன்னிக் காரின் உடன்பிறப்பு.

2002 ஜனவரியிற் தடை பெரிதும் நீக்கப்பட்டது. பெப்ரவரி 22இற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் கண்டி வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. ரயரும் பற்றரியும் பெற்றோலும் வந்தன. அவற்றோடு இந்திய முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஜப்பானிய வான்களும் வந்தன. பன்னிரண்டு ஆண்டு மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்களிற் பல, நல்ல பெற்றோலைக் கண்டபோது அதனைப் பயன்படுத்தும் நிலையில் இருக்கவில்லை. வளையம் மாற்றினால் சிலிண்டர் தேய்ந்திருக்கும்; சிலிண்டரைக் கடைந்தால் அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் வேண்டும்; செலவைக் கூட்டிப் பார்த்தவர்கள் பழைய வண்டியை வளவிலே நிறுத்தினர். குடாநாட்டிலே கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்டும் வாடகைக்கு நின்று பிழைத்தன. வன்னியில் நின்ற வண்டிகளுக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளிலே மக்கள் ஏற்றக்கூடியவற்றை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தபோது புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையே லொறிகளும் பஸ்களும் உழவு இயந்திரங்களும் கார்களும் சைக்கிள்களும் எரிந்தும் நொறுங்கியும் குவியல் குவியலாகக் கிடந்தன. மழையில் நனைந்து துருவேறிய அக்குவியல்களில் எது எவருடையது என்று எவராலும் கூற இயலவில்லை.

2013 செப்ரெம்பரில் ரயில் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. தேய்ந்த பாகத்தைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குச் செல்லும் அந்தப் பழைய பயணத்துக்கு வழி திறந்தது. காலையிற் கொழும்பில் வாங்கிய பொருள் அன்றிரவே கிளிநொச்சியைச் சேரக்கூடும். 2020இல் அந்நியச் செலாவணி முடையினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் நாடெங்கும் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றதும், வன்னி முதியோர்க்குப் புதுமையாகப் படவில்லை. போத்தலிற் சிறிது பெற்றோலை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை அவர்களிற் சிலர் அதுவரை விட்டிருக்கவுமில்லை.